காட்சிக்கு வைத்த காவலரண்

விமான நிலையப் பேருந்தில் எங்கே இறங்க வேண்டும் என்று என் தங்கச்சி சுமதி தொலைபேசியில் இரண்டு முறை சொல்லியிருந்தாள். இரண்டு முறையும் நான் ஒழுங்காகக் கேட்கவில்லை. பலெர்மோ நகரத்துக்குள் நுழைந்ததும் தெருப் பெயரை எழுதி வைத்திருந்த கைபேசியைப் பக்கத்து இருக்கை அம்மாவிடம் நீட்டினேன். அவர் மடியில் ஒரு மீன் பை. படித்துவிட்டுப் பையை என் மடிக்கு மாற்றினார், இரண்டு கையும் வேண்டியிருந்தது போலும், பேச ஆரம்பித்தார்.

முன்னால் இருந்த கிழவர் திரும்பி ஏதோ திருத்தினார். அதன்பிறகு பேருந்தில் பாதிப்பேர் என் விஷயத்தில் இறங்கிவிட்டார்கள். பின்னால் இருந்த மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினாள்: "தாத்தா தியேட்டருக்குப் பக்கத்தில் இறங்கச் சொல்கிறார். இந்த அம்மா, அவர் பேச்சைக் கேட்காதே, அவர் கத்தானியாக்காரர், இந்த ஊர் ஆளில்லை என்கிறார்." நான் அம்மாவின் சொல்லைக் கேட்டு இறங்கினேன். கத்தானியாக்காரர் சொன்னதுதான் சரி. சூட்கேசை இழுத்துக்கொண்டு வியா மக்வேதா முழுவதும் நடந்தேன். அந்தத் தெருவில் வாகனம் விடுவதில்லை. சனம் தெருவை நிறைத்துக்கொண்டு ஐஸ்கிரீமும் கையுமாகப் போகிறது. என் கையில் மீன் வாடை.

நான் டொரொண்டோவில் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்கிறேன். விடுமுறை கிடைத்தால் எங்கேயாவது போவேன்; போய் வந்ததை ஒரு மாத இதழுக்கு எழுதுவேன். அந்த முறை ஜெர்மனியில் ஓர் இலக்கியச் சந்திப்புக்கு வந்திருந்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தங்கச்சியைப் பார்க்காமல் போனால் அவள் மன்னிக்கமாட்டாள். யுத்தத்துக்குப் பிறகு நான் அவளை நேரில் பார்த்ததே இல்லை. அவளும் அவள் கணவர் யோகனும் கடைசிவரை வன்னியில் நின்றவர்கள். பிறகு முகாம். அதன்பிறகு யோகன் எப்படியோ இத்தாலிக்கு வந்து, பெர்மெஸ்ஸோ என்று எல்லோரும் சொல்லும் அந்த வதிவிட அனுமதியைப் பெற்று, சுமதியையும் மகள் தாரணியையும் கூப்பிட்டுக்கொண்டார்.

வன்னியில் என்ன நடந்தது என்று அவர்கள் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. யோகனின் தம்பி குமார் காணாமல் போனவர்களில் ஒருவர் என்பது மட்டும் தெரியும். கேட்காமல் விடுவதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

அடுத்த நாள் காலை யோகன் என்னைக் கபோ சந்தைக்குக் கூட்டிப்போனார். இரண்டு பக்கமும் கடைகள், மேலே துணிக்கூரை, நடுவில் ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய பாதை. வியாபாரிகள் பாடுவதுபோலக் கூவுகிறார்கள். கடலை மாவைக் கிண்டி, தட்டையாக வெட்டி, எண்ணெயில் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள்; பனெல்லே என்று பெயர். ஒரு கடி கடித்ததும், யாழ்ப்பாணத்துக் கடலை வடையை யாரோ இஸ்திரி போட்டு வைத்ததுபோல இருக்கிறது என்றேன். யோகன் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. காலையில் அடுக்குமாடிகளின் படிக்கட்டுகளைக் கழுவுகிறார், மாலையில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நிற்கிறார். தெருவில் நடக்கும்போது எப்போதும் சுவர்க்கரையாகவே நடப்பார். பக்கத்தில் நடக்கிறவரைச் சுவர்ப் பக்கம் விடமாட்டார்.

"என்ன மச்சான், ஒளிச்சு ஒளிச்சு நடக்கிறியள்?" என்று பகிடி விட்டேன்.

"வெயிலண்ணை," என்றார்.

வழியில் கால்சாவுக்குள் போனோம். கடலை ஒட்டிய பழைய பகுதி. பூச்சுப் புதிதாகப் பூசிய மாளிகை ஒன்று நிற்கும். அதன் தோளில் சாய்ந்தபடி, பலகணிக் கம்பிகளில் உடுப்புக் காயும் இடிந்த வீடு ஒன்று நிற்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்த வளவுகள் இன்னும் அப்படியே புல் முளைத்துக் கிடக்கின்றன.

"எத்தினை வருசமாச்சு. இன்னும் கட்டேல்லை," என்றார் யோகன். "எங்கடை ஆக்கள் பரவாயில்லை."

அப்படிப் புதுப்பித்த மாளிகை ஒன்றின் வாசலில்தான் அந்தப் பெரிய சிவப்புத் துணி தொங்கியது. இரும்புக் கம்பி, ஒரு கையடக்க வானொலி, வரிசையில் நிற்கும் மனிதர்களின் நிழல்கள். கீழே இத்தாலிய மொழியிலும் ஆங்கிலத்திலும்: 'திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நாள்.' கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிச ஆட்சியில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டும் தற்காலிக அருங்காட்சியகம். பார்வையாளரே அந்த நாட்டின் குடிமகனாக மாறி உள்ளே ஒரு நாளை வாழ்ந்து பார்க்கலாமாம்.

எனக்கு ஆசை பற்றிக்கொண்டது. அதற்குக் காரணம் இருந்தது. போன வாரம்தான் ஜெர்மனியில் நண்பர் ஒருவர் இதுபோன்ற ஓர் இடத்துக்குக் கூட்டிப்போயிருந்தார். அங்கே பெட்டி போன்ற பழைய காருக்குள் ஏறி உட்கார்ந்தேன், ஒட்டுக்கேட்கும் கருவியைக் காதில் மாட்டிப் படம் எடுத்தேன், வெளியே வரும்போது அரிவாள் சுத்தியல் போட்ட கோப்பை ஒன்றும் வாங்கினேன். என் வயதுக்காரர்களுக்கு இதில் ஒரு தனி ருசி. எழுபதுகளில் மொஸ்கோவிலிருந்து மலிவாக வந்த வழவழப்பான சஞ்சிகைகளில்தான் நாங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு உறை போட்டோம். என் கணக்குப் புத்தகத்தின் மேல் ஒரு டிராக்டர் ஓட்டும் பெண் வருடம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நாடு அப்படித்தான் எனக்கு அறிமுகம். பிறகு அது இல்லாமலே போனது. இப்போது அந்தப் பெண்ணின் சிரிப்பை யாரோ பொய் என்று நிரூபித்துக் காட்ட, நான் போய்ப் பார்த்துச் சிரித்துவிட்டு வருகிறேன்.

"ஞாயிற்றுக்கிழமை உதுக்குப் போவம்," என்றேன்.

"நீங்கள் போட்டு வாங்கோ அண்ணை. எனக்கு உது விளங்காது."

"விளங்கிறதுக்கு என்ன இருக்கு? தாரணிக்கும் படிப்பு. வாங்கோ மச்சான், நான் ஒருக்கா வந்திருக்கிறன்."

மனைவியின் அண்ணன், கனடாவிலிருந்து வந்தவன், இன்னும் இரண்டு நாளில் போய்விடுவான். அவரால் மறுக்க முடியாது. அது தெரிந்துதான் நான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சுமதிக்கு வேலை. அவள் பராமரிக்கும் வயதான அம்மாவின், அவள் சொல்லில் சிஞ்ஞோராவின், வீட்டுக்குப் பிள்ளைகள் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு வருவார்கள், அவள் இல்லாமல் முடியாது. யோகன், தாரணி, நான், மூன்று பேரும் போனோம். தாரணிக்குப் பன்னிரண்டு வயது. பலெர்மோக்காரர்களைப்போல சொல்லின் கடைசியை இழுத்து இத்தாலியன் பேசுகிறாள். அந்த இழுப்பு அவள் தமிழுக்குள்ளும் வந்துவிட்டது. "மாமா, அந்தியாமோ! வாங்கோ, லைன் பெரிசாகுது," என்று என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

வாசலில் ஆளுக்கொரு சாம்பல் நிற அடையாள அட்டை தந்தார்கள். பொய்ப் பெயர், பொய்த் தொழில். தாரணி ஒரு பால் பண்ணைத் தொழிலாளி. நான் ரயில்வேப் பொறியியலாளர். யோகனின் அட்டையில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அவர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்து, பையின் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

முதல் அறை ஒரு கடை. தட்டுகள் வெறுமை. ஒரு மூலையில் மூன்று தகரப் பேணிகள். கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெண், எங்கள் முன்னால் நின்ற பிரெஞ்சுத் தம்பதியிடம் முகத்தைச் சுளித்து "இல்லை" என்றாள். அவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். இரண்டாவது பள்ளிக்கூட அறை. பிள்ளைகளின் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிவிட்டார்கள். தாரணி கையை நெற்றிக்குக் கொண்டுபோய் நின்றாள். படம் எடுத்தேன்.

மூன்றாவது ஒரு வீட்டின் சமையலறை. பச்சைப் பூச்சு, ஒரே ஒரு மின்குமிழ், வெறும் அலுமாரி. மேசை அருகே தலையில் துணி கட்டிய ஒரு பெண் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு ஒன்றை மெதுவாகத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். முதலில் பொம்மை என்றே நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது துணுக்குற்றேன். அவள் யோகனைப் பார்த்துத் தலையை அசைத்தாள், யோகனும் அசைத்தார்.

"தெரியுமோ?" என்று கேட்டேன்.

"நான் படி கழுவுற கட்டிடத்திலை ஒரு வயது போனவரைப் பாக்கிறவ. ரொமேனியா. மரியானா எண்டு பேர்."

அவளை அந்த மேசையோடு சேர்த்துப் படம் எடுத்தேன். கேட்டு எடுக்கவில்லை.

அதற்கு அடுத்தது ஒரு நீண்ட நடை. விளக்கு மங்கல். இரண்டு பக்கமும் முள்ளுக்கம்பி, கடைசியில் மண் மூட்டைகள் அடுக்கிய ஒரு காவலரண். கூரைமூலையில் கட்டிய ஒலிபெருக்கியில் ஒரு குரல் கரகரத்தது. பச்சைச் சீருடை போட்ட இரண்டு இளைஞர்கள், நாடகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக இருக்கவேண்டும், மரத்துப்பாக்கியோடு வந்து எங்களை ஒரே வரிசையாக நிற்கச் சொல்லிக் கத்தினார்கள். கையைத் தலைக்கு மேல் வை. பையைக் கீழே வை. சிரிக்காதே. அப்படிச் சொன்னதும் வரிசையே சிரித்தது.

எங்கள் மூவரில் நான் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் தாரணி, அவளுக்கு முன்னால் யோகன். யோகன் இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்திருந்தார். மற்றவர்கள் எல்லோரும் பாதி தூக்கி, பாதி விட்டு நிற்க, அவர் மட்டும் முழங்கை விரித்து, கால் அகட்டி, தலை குனிந்து, துல்லியமாக நின்றார். பிரெஞ்சுக்காரி தன் கணவனிடம் அவரைக் காட்டி ஏதோ சொன்னாள். "நன்றாக நடிக்கிறார்" என்பதாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மச்சானுக்குள் இப்படி ஒரு பகிடிக்காரன் இருக்கிறானா என்று சந்தோஷப்பட்டுக் கைபேசியை உயர்த்தி வீடியோ எடுத்தேன். வரிசை நகரவில்லை. அந்த இடைவெளியில் 'மச்சான் பிடிபட்டிட்டார்!' என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்கள் மூன்றைச் சேர்த்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். அந்தக் குழுவில் கனடா, லண்டன், யாழ்ப்பாணம், கிளிநொச்சி எல்லாம் இருக்கிறது.

பிறகு வரிசை நகர்ந்தது. காவலரணில் நின்ற இளைஞன் அட்டையைப் பார்த்து ஆட்களை இரண்டாகப் பிரித்தான். சிலர் இடப்பக்கக் கதவு, சிலர் வலப்பக்கக் கதவு. பிரெஞ்சுக் கணவன் இடம், மனைவி வலம். அவள் அவனுக்கு முத்தம் ஒன்றைப் பறக்கவிட்டுப் போனாள். யோகனின் முறை வந்தது. இளைஞன் அட்டையைப் பார்த்தான், துப்பாக்கியால் இடப்பக்கம் காட்டினான். அடுத்து தாரணியைப் பார்த்து வலப்பக்கம் காட்டினான்.

யோகன் அசையவில்லை. பிறகு மெல்ல முழங்காலில் இறங்கினார். கைகள் தலையில் கோத்தபடியே இருந்தன. அவர் பேச ஆரம்பித்தார். அது தமிழ் இல்லை, இத்தாலியன் இல்லை. எனக்குச் சிங்களம் அரைகுறை. "மாத்தயா, மாத்தயா" என்பது மட்டும் முதலில் விளங்கியது. ஐயா, என்ரை பிள்ளை, சின்னப்பிள்ளை, அவளுக்கு ஒன்றும் தெரியாது, என்னை எடுங்கள், அவளை விடுங்கள். அவர் குரல் ஒரு பையனின் குரல்போல மெலிந்திருந்தது. திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

பின்னால் சிலர் கை தட்டினார்கள்.

இளைஞனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் பாத்திரத்தை விட்டு இறங்காமல் இன்னும் சத்தமாகக் கத்தினான். தாரணி, "அப்பா, எழும்புங்கோ, எல்லாரும் பாக்கினம்," என்று சிரித்தபடிதான் சொன்னாள். பிறகு குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது. என் கையில் கைபேசி இன்னும் உயர்ந்தே இருந்தது. அதைக் கீழே இறக்க எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று சொல்ல விருப்பமில்லை.

சமையலறைப் பக்கமிருந்து மரியானா ஓடி வந்தாள். கையில் கத்தியும் உருளைக்கிழங்கும். இத்தாலியனில் அந்த இளைஞனைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினாள். சுவரில் தடவி எதையோ தட்ட, நடை முழுக்க வெள்ளை வெளிச்சம் பரவியது. முள்ளுக்கம்பி பிளாஸ்டிக். மண் மூட்டைகளில் கிழங்குக் கம்பனி ஒன்றின் பெயர் இருந்தது. ஒலிபெருக்கி மட்டும் நிற்காமல் கரகரத்துக்கொண்டிருந்தது. அவள் யோகனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவரைத் தொடாமல், மெதுவாக அவர் பெயரைச் சொன்னாள். "யோகன். நான் மரியானா. மூன்றாம் மாடி. மூன்றாம் மாடி மரியானா." அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்சநேரத்தில் அவருடைய கைகள் தலையிலிருந்து இறங்கின. காற்சட்டை நனைந்திருந்தது. மரியானா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவர் மடியில் போட்டாள்.

சீருடை இளைஞன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் செய்தது தப்பா? நான் செய்தது தப்பா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான். இருபது வயதுகூட இருக்காது. இல்லை என்று சொல்வதா, ஓம் என்று சொல்வதா? உன்னுடையது இல்லை, என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பைகளைப் பொறுக்கினேன்.

வெளியே வரும் வழி நினைவுப்பொருள் கடைக்குள்ளால் போனது. வேறு வழி இல்லை. கோப்பைகளுக்கும் சிவப்புக் கைக்குட்டைகளுக்கும் நடுவில் மரியானா முன்னால் போக, மகளின் தோளில் கை வைத்து யோகன் நடந்தார். பக்கத்து வளவில் புல்வெளி. பையன்கள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் உட்கார்ந்தோம். நான் தண்ணீர் வாங்கி வந்தேன். அதுதான் அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

மரியானா யோகனிடம் ஏதோ கேட்டாள். தாரணி எனக்கு மெதுவாக மொழிபெயர்த்தாள்: "உங்கடை நாட்டிலையும் உப்பிடியோ எண்டு கேக்கிறா."

யோகன் தலையாட்டினார்.

"எங்கள் ஊரில் இப்படி ஒரு பாதை இருக்கவில்லை," என்றாள் மரியானா. "எங்களைப் பிடிக்க வருகிறவர்கள் மணி அடித்து, சப்பாத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அம்மா கோப்பி போட்டுக் கொடுப்பாள். அதை இவர்களிடம் சொன்னேன். அது பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்காதாம். அலுமாரி வெறுமையாக இருக்கவேண்டும் என்றார்கள். என் அம்மா அலுமாரியை ஒருநாளும் வெறுமையாக விட்டதில்லை. முழு நாளும் வரிசையில் நின்று வாங்கி வந்து, போத்தலில் ஊறப்போட்டு நிறைத்து வைப்பாள். போத்தல்களை வைத்தால் வெளிநாட்டவர்கள் குழம்பிப்போவார்களாம்."

"பிறகு ஏன் அங்கே போய் இருக்கிறீர்கள்?" என்று நான் கேட்டேன். தாரணி மொழிபெயர்த்தாள்.

மரியானா என் பக்கம் திரும்பினாள். "கிழமை முழுக்க ஒரு மனுஷனைத் தூக்கி இறக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருக்கச் சம்பளம் தருகிறார்கள். உருளைக்கிழங்கையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்."

அவள் எழுந்து போனாள். வேலை நேரம் முடியவில்லை. போகும்போது தலைத்துணியைத் திருப்பி வாங்கவில்லை.

பந்து ஒருமுறை எங்கள் பக்கம் உருண்டு வந்தது. யோகன் அதை எடுத்துக் கவனமாக எறிந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"கடைசி யுத்தத்திலை நாங்கள் வெளியிலை வரேக்குள்ளை ஆமிக்காரர் ஒலிபெருக்கியிலை கூப்பிட்டவங்கள், அண்ணை. வரிசையிலை நிக்கச் சொல்லி. பிள்ளை என்ரை தோளிலை. சுமதி பின்னாலை. எனக்கு முன்னாலை குமார். அவனை வலப்பக்கம் விட்டவங்கள். எங்களை இடப்பக்கம். ஒரு கேள்வி கேட்டிட்டு விட்டிடுவம் எண்டவங்கள். அவன் திரும்பிப் பாத்து, அண்ணை நீங்கள் போங்கோ, நான் வாறன் எண்டவன். நான் ஒண்டும் சொல்லேல்லை. ஒரு வார்த்தை கேக்கேல்லை. பிள்ளை தோளிலை இருந்தவள் எல்லே. வாயைத் திறந்தால் எங்களையும் அங்காலை விட்டிடுவாங்கள் எண்டு பயம்."

காவலரணில் மண்டியிட்டுச் சொன்னதையெல்லாம் அன்று வன்னியில் அவர் சொல்லவில்லை. அதை நான் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

"இப்ப எங்கடை பக்கமும் காட்டுறாங்கள் தெரியுமோ?" என்றார். "நான் இஞ்சை வர முந்தி ஒருக்கா அந்த வழியாலை போனனான். இயக்கத்தின்ரை பெரிய பங்கர் ஒண்டைக் கயிறு கட்டிக் காட்டினவங்கள். தெற்கிலையிருந்து பஸ் பஸ்ஸாச் சனம். பிள்ளையள் மண் மேட்டிலை ஏறி நிண்டு படம் எடுக்குதுகள். பக்கத்திலை ஆமிக்காரன் ஐஸ்கிரீம் விக்கிறான். எனக்கு அந்தச் சனத்திலை கோவம் வரேல்லை அண்ணை. அதுகளுக்கு என்ன தெரியும்? வெயில். நானும் ஒண்டு வாங்கிக் குடிச்சனான்."

என் சட்டைப்பைக்குள் கைபேசி விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. முதலில் எனக்கு உறைக்கவில்லை. பிறகுதான் குழுவுக்கு அனுப்பிய வீடியோ நினைவுக்கு வந்தது. வீடு திரும்பும் வழி முழுக்க அதிர்ந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தேன். லண்டனில் இருந்து சிரிக்கும் முகங்கள். 'மச்சானுக்கு ஒஸ்கார்!' என்று யாரோ. 'எந்தப் படம்?' என்று இன்னொருவர். அந்தக் காலத்தில் அனுப்பியதைத் திருப்பி எடுக்க வழி இல்லை. 'தயவுசெய்து எல்லோரும் அதை அழித்துவிடுங்கள்' என்று எழுதினேன். 'ஏன்?' என்று உடனே மூன்று பேர் கேட்டார்கள். கைபேசியை அணைத்தேன்.

யோகனிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சுமதி வேலை முடிந்து வந்தாள். தாரணி என்ன சொன்னாளோ, அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் தட்டில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கணவாய்க் கறி போட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். இரவு முழுக்க, சொல்லாமலே விட்டால் என்ன என்றும் நினைத்தேன். அவர் அந்தக் குழுவில் இல்லை. வாட்ஸ்அப் பார்க்கிற ஆளும் இல்லை.

காலை நான் சூட்கேசை மூடிக்கொண்டிருந்தபோது சுமதியின் கைபேசி அடித்தது. கிளிநொச்சியிலிருந்து யோகனின் தங்கச்சி; எங்கள் குழுவில் இருப்பவள். சுமதி ஒரு நிமிடம் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் சிறுமியாக இருந்தபோதும் நான் கண்டதில்லை. கைபேசியை யோகனிடம் நீட்டினாள்.

"உங்கடை அம்மா கதைக்கோணுமாம். அண்ணை அனுப்பின வீடியோவைப் பாத்திட்டாவாம்."

யோகனுக்கு என்ன வீடியோ என்று தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், அவருக்கு விளங்கிவிட்டது. கைபேசியின் ஒலிபெருக்கியைத் தட்டி மேசையில் வைத்தார். ஒரு முதிய பெண் அழும் சத்தம் அறைக்குள் வந்தது.

"தம்பி, உன்னைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்களெண்டு எழுதியிருக்காம். கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாய். ஆமிக்காரர் நிக்கிறாங்கள். விடிய விடிய நான் நித்திரை கொள்ளேல்லை. உன்னையும் கொண்டு போட்டாங்களோ எண்டு..."

"அம்மா, அம்மா. இஞ்சை கேளுங்கோ. நான் வீட்டிலைதான் நிக்கிறன். அது நாடகம்."

"என்ன நாடகம்?"

"இஞ்சை ஒரு கண்காட்சி. அதிலை சும்மா விளையாட்டுக்கு ஆக்களை வரிசையிலை விடுவினம். துவக்கும் மரத்துவக்கு. நான் பகிடிக்கு நிண்டனான். எல்லாரும் கை தட்டினவை."

"உன்ரை முகம் நடிக்கிற முகம் மாதிரி இல்லை, ராசா."

யோகன் சிரித்தார். சந்தையில் பனெல்லே கடையில் கேட்ட சிரிப்பு இல்லை அது. தொண்டையிலிருந்து தள்ளித் தள்ளி வெளியே எடுத்த சிரிப்பு. "அப்ப நான் நல்லா நடிச்சிருக்கிறன் போலை," என்றார். அவருடைய ஒரு கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

அந்தப் பக்கம் அழுகை குறைந்தது. நம்பவில்லை என்று தெரிந்தது. யோகன் கைபேசியை என் பக்கம் தள்ளினார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்களும் ஒருக்கா சொல்லுங்கோ அண்ணை. நீங்கள் சொன்னால் நம்புவா. சிரிச்சுச் சொல்லுங்கோ."

"மாமி, நான் சுமதியின்ரை அண்ணன் கதைக்கிறன்," என்றேன். சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியாது. "ஒண்டும் பயப்பிடாதேங்கோ. விளையாட்டுத்தான்."

"உண்மையே தம்பி?"

"ஓம் மாமி."

"உப்பிடிக் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிற விளையாட்டை, அங்கை சனம் காசு குடுத்தே போய்ப் பாக்குது?"

"ஓம் மாமி."

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப்போல, சாதாரணமாகக் கேட்டார்:

"அப்ப எங்கடை பிள்ளையையும் காசு வாங்கிக்கொண்டுதானோ உள்ளை விட்டவை?"

சுமதி, தாரணி, யோகன் மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம் மாமி," என்றேன். "நான்தான் டிக்கட் எடுத்தனான்."